வண்டிக்குள் ஒரு விதைக்கோட்டை

சேமிப்பு என்றால் செலவு போக எஞ்சியதை எடுத்து வைப்பது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். எஞ்சினால் உண்டு; எஞ்சாவிட்டால் இல்லை. ஆனால் தாமிரபரணிக் கரையின் உழவர் வீடுகளில் இந்தக் கணக்குத் தலைகீழாக இருந்தது. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும், உண்பதற்கு அளப்பதற்கு முன்பே விதைக்கு அளந்தார்கள். அந்த நெல்லை வைக்கோற்பிரியால் பந்துபோல் இறுகக் கட்டி, மேலே சாணம் மெழுகி, நிழலில் உலர்த்தி, வீட்டின் ஒரு மூலையில் வைத்தார்கள். விதைக்கோட்டை என்பது அதற்குப் பெயர். குலுக்கையில் உள்ள நெல் நாள்தோறும் குத்துவதற்கும் பொங்குவதற்கும் உரியது. விதைக்கோட்டையோ, வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் கை வைக்கப்படாதது. இரண்டும் ஒரே வயலில் விளைந்த நெல்தான். ஆனால் ஒன்று இன்றைக்கு. மற்றது மீண்டும் தொடங்குவதற்கு.

என் பாட்டியின் வீட்டில் கண்ட இந்த ஏற்பாடு, பல்லாயிரம் கல் தொலைவில், ஜெர்மனியின் ஹனோவர் நகரில், ஒரு பழைய வேனுக்கு இரண்டாவது பேட்டரி பொருத்தும் வேளையில் எனக்கு வழிகாட்டியது என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். அந்த வேலையை ஏன் மேற்கொண்டோம் என்பதையும், அதிலிருந்து எங்கள் குடும்பம் எதைப் பெற்றுக்கொண்டது என்பதையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் மகளுக்கு 2020ஆம் ஆண்டு, அவளுடைய ஒன்பதாவது வயதில், முதல் வகை நீரிழிவு நோய் இருப்பது தெரியவந்தது. உண்ணும் உணவினாலோ பழக்கத்தினாலோ வருவதன்று இது. உடலின் தற்காப்பு ஆற்றலே திசைமாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. அதன்பின் இன்சுலினை வெளியிலிருந்து ஊசி வழியாகத்தான் செலுத்தவேண்டும். நாள் தவறாமல், வாழ்நாள் முழுவதும். கனடாவின் டொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு, 1922ஆம் ஆண்டு ஜனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிறந்தது எங்கள் மகளின் நற்பேறு.

இன்சுலின் ஒரு மென்மையான பொருள். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர்நிலையில் வைத்துக் காக்கவேண்டும். பயன்படுத்தத் தொடங்கியதை அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 30 பாகையைத் தாண்டக்கூடாது. வெப்பம் மிகுந்தால் அது ஆற்றல் இழந்துவிடும். உறைந்துபோனாலும் பயனற்றுவிடும். கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கக்கூடும் என்பதுதான் இதில் அஞ்சத்தக்க செய்தி. ஊசி போட்ட பின்னும் சர்க்கரை இறங்காதபோதுதான் உண்மை விளங்கும்.

இந்த அச்சத்தினால் என் மனைவி இரண்டு ஆண்டுகள் எங்கும் பயணம் போக இசையவில்லை. உறவினர் திருமணங்களுக்கு வாழ்த்து மடல் மட்டும் போயிற்று. பள்ளியில் பிள்ளைகள் கோடை விடுமுறைக் கதைகளைச் சொல்லும்போது எங்கள் மகள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஆசிரியை ஒருமுறை சொன்னார். வீட்டிலுள்ள குளிர்பெட்டி எங்கள் உலகின் எல்லையாகிவிட்டது.

அந்த எல்லையைச் சற்றே நகர்த்தவேண்டும் என்றுதான் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த வேனை வாங்கினோம். 1987இல் செய்யப்பட்ட ஃபோல்க்ஸ்வாகன் வண்டி. அவ்வகையின் மூன்றாம் தலைமுறை. ஹனோவரில் வாழ்பவர்களுக்கு இது உள்ளூர்ப் பிள்ளை. 1947ஆம் ஆண்டு பென் போன் என்ற டச்சு வணிகர் தம் குறிப்பேட்டில் கோடுகளாய் வரைந்த பெட்டி வடிவம், 1950இல் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் வண்டியாகப் பிறந்தது. 1956 முதல் அதனைச் செய்வதற்கென்றே ஹனோவரில் ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தார் 1951 முதலே அதற்குள் படுக்கையும் அலமாரியும் அமைத்துத் தரலானார்கள். சரக்கு ஏற்றப் பிறந்த வண்டி சக்கரம் பூட்டிய வீடாகிவிட்டது. ஜெர்மானியர் அதனைச் செல்லமாகப் புல்லி என்று அழைக்கிறார்கள். முப்பது ஆண்டு கடந்து நல்ல நிலையில் இருக்கும் வண்டிகளின் எண்பலகையில், பழம்பெரும் வாகனம் என்பதற்கு அடையாளமாக எச் என்ற எழுத்தைச் சேர்த்துத் தருவது அந்நாட்டு வழக்கம். எங்கள் வண்டிக்கும் அந்த மதிப்பு உண்டு.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்த அன்று மகள் அதனை மூன்று முறை வலம் வந்தாள். மனைவி மட்டும் படியில் நின்றபடியே ஒரு கேள்வி கேட்டாள்.

“என்னங்க, ராத்திரி நாம தூங்கும்போது அந்தக் குளிர்பெட்டி நின்னு போச்சுன்னா யாருக்குத் தெரியும்?”

அது தடை சொல்லும் கேள்வி அன்று, பொறுப்புள்ள கேள்வி. அதற்குச் சொற்களால் விடை கூற முடியாது. கம்பிகளால்தான் விடை கூற வேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஒரு வண்டியின் பேட்டரி என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் கூடிய பேட்டரியை 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே செய்து காட்டினார். இன்றும் நம் வண்டிகளில் இருப்பது அதன் வழித்தோன்றலே. ஒவ்வோர் அறையும் சற்றேறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறு அறைகளைத் தொடராய் இணைத்தால் 12.6 வோல்ட். அதனைத்தான் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்கிறோம்.

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் அந்தச் சில நொடிகளில் நூறு ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டத்தை அது கொட்டவேண்டும். அதற்காகவே அதன் தகடுகளை மெல்லியதாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் அமைக்கிறார்கள். எஞ்சின் கிளம்பியவுடன் ஆல்டர்னேட்டர் மின்சாரம் ஆக்கத் தொடங்கி, கொடுத்ததைத் திருப்பித் தந்துவிடுகிறது. ஒரு பெருமூச்சு, பின்பு ஓய்வு. இதுவே அதன் வாழ்க்கை. அதனிடம் போய், இரவெல்லாம் விளக்கு எரி, குளிர்பெட்டியை ஓட்டு என்றால் தாங்காது. மெதுவாக, ஆழமாக, மீண்டும் மீண்டும் வடிக்கப்பட்டால் அந்த மெல்லிய தகடுகள் விரைவில் சிதைந்துவிடும். அதைவிட உடனடியான துன்பம் ஒன்றுண்டு. காலையில் எழுந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. வண்டி கிளம்பாவிட்டால் மின்சாரம் ஏறாது; மின்சாரம் ஏறாவிட்டால் வண்டி கிளம்பாது. விதைநெல்லைத் தின்றுவிட்ட வீட்டின் நிலை அதுதான்.

ஆகவே இரண்டாவது பேட்டரி வேண்டும். அது தடித்த தகடுகள் கொண்டதாய், மெல்லக் கொடுத்து மெல்லப் பெறுவதாய் இருக்கவேண்டும். ஆனால் எவ்வளவு பெரியது? இதற்கு ஆசையைக் கேட்காமல் கணக்கைக் கேட்கவேண்டும்.

மகளும் நானும் சமையலறை மேசையில் அமர்ந்து கணக்கிட்டோம். வண்டியிலிருந்த பழைய குளிர்பெட்டியை முந்தைய உரிமையாளரே கழற்றிவிட்டிருந்தார். நாங்கள் தேர்ந்தெடுத்த சிறிய கம்ப்ரெசர் குளிர்பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 45 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது நான்கு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. மிதமான வெயிலில் அது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும். எனவே ஒரு நாளுக்கு ஏறத்தாழ 30 ஆம்பியர்-மணி. மாலை விளக்குக்கு இரண்டு. மகளின் கையிலுள்ள சர்க்கரை உணரி பேசுவதற்குரிய கைப்பேசிக்கு ஒன்று. ஆக மொத்தம் 33. ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் வடிக்காமல் இருந்தால்தான் அது நீண்ட நாள் உழைக்கும். ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலுள்ள குழியில் அடங்கக்கூடியதாக எங்களுக்குக் கிடைத்தது 80 ஆம்பியர்-மணி பேட்டரி. அதில் பாதி 40. வண்டியை ஓட்டாமல் ஒரு பகலும் ஓர் இரவும் நிம்மதியாக இருக்கலாம். இரண்டாம் நாள் ஓட்டியாகவேண்டும்.

“அவ்வளவுதானாப்பா?” என்றாள் மகள், சற்று ஏமாற்றத்தோடு.

“அவ்வளவுதாம்மா. ஆனா அவ்வளவுன்னு தெரிஞ்சிருக்குல்ல?” என்றேன்.

எல்லை தெரிந்த சிறு செல்வம், எல்லை தெரியாத பெருஞ்செல்வத்தைவிட மேலானது. நீரிழிவோடு வாழும் குழந்தைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு கவளத்தையும் எண்ணி உண்பவள் அவள்.

அடுத்து அவள் கேட்டதுதான் இந்த வேலையின் உயிரான கேள்வி. “ரெண்டு பேட்டரியையும் எப்பவும் ஒண்ணா இணைச்சு வெச்சா ஒரே பெரிய பேட்டரியா ஆயிடுமேப்பா? எதுக்குப் பிரிக்கணும்?”

இணைப்பே எப்போதும் நன்மை என்று நாமும் எண்ணுகிறோம். ஆனால் நிரந்தரமாய் இணைத்துவிட்டால் குளிர்பெட்டி இரண்டையும் சேர்த்தே வடித்துவிடும். காலையில் இரண்டும் வெறுமையாய் நிற்கும். மேலும், வலுக்குறைந்தது வலுவுள்ளதைத் தன் நிலைக்கு இழுத்துக்கொள்ளும். அதற்காக முற்றிலும் பிரித்து வைத்தால், இரண்டாவது பேட்டரிக்கு மின்சாரம் ஏற வழியில்லை. ஆகவே நிறைவு வரும்போது சேரவும், குறைவு வரும்போது பிரியவும் தெரிந்த ஒரு வாயிற்காவலன் தேவை. அந்தக் காவலனுக்கு ரிலே என்று பெயர்.

அது தீப்பெட்டியளவே உள்ள ஒரு கருவி. உள்ளே ஒரு கம்பிச்சுருள். அதில் சிறிது மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி, ஒரு தகட்டை இழுத்துப் பெரிய மின்பாதையை மூடும். மின்சாரம் நின்றால் வில் தகட்டை விலக்கிவிடும். அந்தச் சிறு மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஆல்டர்னேட்டரில் டி பிளஸ் எனப்படும் ஒரு முனை உண்டு. சாவியைத் திருப்பியதும் முகப்பில் எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைகிறதே ஒரு சிவப்பு விளக்கு, அதன் கம்பி சேர்வது இந்த முனையில்தான். எஞ்சின் ஓடி, ஆல்டர்னேட்டர் உண்மையிலேயே மின்சாரம் ஆக்கும்போதுதான் இந்த முனையில் முழு அழுத்தம் இருக்கும். ரிலேயின் சுருளை இதனோடு இணைத்துவிட்டால், வருவாய் இருக்கும்போது மட்டும் இரண்டு பேட்டரிகளும் கை கோக்கும். எஞ்சின் நின்றதும் ‘டிக்’ என்ற ஓசையோடு கை விலகும். பின்னர் இரவெல்லாம் இரண்டாவது பேட்டரி தன் கடமையைத் தனியே செய்யும். முதலாவது காலைக்காகக் காத்திருக்கும்.

இன்றைய புதிய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கணினி ஆள்கிறது. அங்கே இந்த எளிய ரிலே போதாது. இடையில் தனியாக ஒரு மின்னேற்றி வைக்கவேண்டும். லித்தியம் பேட்டரி வைப்பவர்களுக்கும் அது தேவை. எங்கள் பழைய வண்டிக்கோ பழைய முறையே பொருத்தமாயிற்று.

அடுத்த வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர், தாமாகவே முன்வந்து வேலையை மேற்பார்வையிட்டார். எழுபது வயதைக் கடந்தவர். எந்தக் கம்பியைத் தொடுவதற்கு முன்பும் அதன் நோக்கத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். சொல்ல முடிந்தால்தான் தொடலாம். இரண்டு சனிக்கிழமைகள் அவரிடம் நாங்கள் பாடம் படித்தோம்.

முதற்பாடம்: வேலை தொடங்கும்போது எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றவேண்டும், முடிக்கும்போது அதனைக் கடைசியில் பூட்டவேண்டும். வண்டியின் இரும்புடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையைத் திருகும் ஸ்பேனர் தவறிப்போய் உடலைத் தொட்டால், அந்த ஒரு நொடியில் ஸ்பேனரே சிவக்கும் அளவுக்கு மின்சாரம் பாயும்.

இரண்டாம் பாடம்: கம்பியின் தடிமன். இவ்வகை வண்டியில் முதல் பேட்டரி பயணியின் இருக்கைக்கு அடியிலும், இரண்டாவது ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலும் அமைகின்றன. இடையே இரண்டு மீட்டர் கேபிள் போதும். 16 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கேபிளில் 40 ஆம்பியர் பாய்ந்தாலும் வழியில் இழப்பது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே வேலைக்கு மெல்லிய கம்பியைப் போட்டால் மின்சாரம் வழியிலேயே வெப்பமாகிக் கரைந்துவிடும். குளிர்பெட்டிக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தோம். போகவர ஆறு மீட்டர். 5 ஆம்பியருக்கு இழப்பு 0.09 வோல்ட். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியாய் இருந்தால் அரை வோல்ட் போய்விடும். பேட்டரியில் மின்சாரம் இருந்தும், குளிர்பெட்டி தன்னைப் பசித்ததாக எண்ணி நின்றுவிடும். கொடுக்க மனமிருந்தும் வழி குறுகியதால் சென்று சேராத உதவிகள் நம் வாழ்விலும் எத்தனை!

மூன்றாம் பாடம்: ஃபியூஸ். அது காப்பது கருவியை அன்று, கம்பியை. ஆகவே அது கருவியின் அருகில் அல்ல, பேட்டரியின் அருகில் இருக்கவேண்டும். இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கேபிளுக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். ஏனெனில் அதன் இரண்டு முனைகளிலும் மின்சாரத்தின் ஊற்று இருக்கிறது. நடுவில் எங்கேனும் கேபிள் உராய்ந்து இரும்பைத் தொட்டால், இரு புறமிருந்தும் தீ வரக்கூடும்.

நான்காம் பாடம்: மூச்சு. சாதாரண ஈய பேட்டரி, மின்னேற்றம் நிறைவடையும் வேளையில் ஹைட்ரஜன் வளியை வெளிவிடும். மூடிய இடத்தில் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும். நாங்கள் உறங்கும் அறையே வண்டி என்பதால், அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் மூடிய வகைப் பேட்டரியையே தேர்ந்தெடுத்தோம். அதில் வளி உள்ளேயே மீண்டும் நீராகிவிடும். இருபது கிலோ அளவுக்கு எடையுள்ள அதனை இரும்புப் பட்டையால் இறுகக் கட்டினோம். திடீரெனத் தடை போட்டால் பேட்டரி பாயும் கல்லாகிவிடக்கூடாது அல்லவா?

இரண்டாவது சனிக்கிழமை மாலையில் எல்லாம் முடிந்தது. பெரியவர் மகளைச் சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் உறுமியது. இருக்கைக்கு அடியில் ‘டிக்’ என்றது. மல்டிமீட்டர் 12.5இலிருந்து ஏறி 13.9இல் நின்றது. அவர் தம் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் தெரிவித்தார்.

மனைவியின் கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. குளிர்பெட்டி நின்றுபோனால் எழுப்புவதற்கென, உள்ளே வெப்பம் 8 பாகையைத் தாண்டினாலோ 2 பாகைக்குக் கீழே இறங்கினாலோ ஒலிக்கும் வெப்பமானி ஒன்றையும் வைத்தோம். பின்னர் மூன்று இரவுகள் வண்டியை வாசலில் நிறுத்தி, உள்ளே வெறும் தண்ணீர்ப் புட்டிகளை மட்டும் வைத்துச் சோதித்தோம். மகள் ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வரைந்தாள். ஒன்றில் தன் இரத்தச் சர்க்கரை. மற்றதில் பேட்டரியின் வோல்ட். சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் நிற்கவேண்டும். ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.2க்குக் கீழே போகக்கூடாது. “அதுக்கும் எனக்கும் ஒரே மாதிரி நோட்டு” என்று அவள் சிரித்தபோது, தன் நோயைப்பற்றி அவள் சிரித்துப் பேசியதை முதன்முறையாகக் கேட்டேன். மூன்றாம் நாள் காலை மனைவி அந்தக் குறிப்பேட்டை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். “சரி, எப்பப் புறப்படலாம்?” என்றாள்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் புறப்பட்டோம். தெற்கே ரைன் சமவெளி வழியாகச் சுவிட்சர்லாந்தை அடைந்து, 1980இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கப்பாதையைக் கடந்து, இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் இறங்கினோம். ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். கோமோவைத் தேர்ந்தெடுத்தவள் மகள். பேட்டரியைப் பற்றிப் படிக்கும்போது, 1745இல் அலெசாண்ட்ரோ வோல்டா பிறந்த ஊர் அதுவென்று அறிந்திருந்தாள். செம்பு, துத்தநாகத் தகடுகளை உப்புநீரில் நனைத்த அட்டைத் துண்டுகளோடு மாறி மாறி அடுக்கி, தொடர்ந்து பாயும் மின்சாரத்தை உலகுக்கு 1800இல் அறிவித்தவர் அவர். வோல்ட் என்ற அளவின் பெயர் அவருடையது. அவருடைய நினைவாக ஏரிக்கரையில் எழுப்பப்பட்ட மண்டபத்தில் அந்த அடுக்குகளின் வடிவங்களைக் கண்டோம். 1899ஆம் ஆண்டு நடந்த கண்காட்சியின் தீவிபத்தில் அவருடைய மூலக் கருவிகள் பல அழிந்துபோயின என்பதை அறிந்து மகள் வருந்தினாள்.

அங்கே எங்கள் கணக்கு சோதனைக்கு உள்ளாயிற்று. முகாமில் மின் இணைப்புள்ள இடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. வெயிலோ 33 பாகை. அந்த வெப்பத்தில் குளிர்பெட்டி மூன்றில் ஒரு பங்கு நேரம் அல்ல, பாதி நேரம் ஓடியது. மறுநாள் மாலையில் மகள் குறிப்பேட்டோடு வந்தாள். “அப்பா, 12.2க்கு வந்துடுச்சு.” மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் தயங்கவில்லை. “ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வரலாம்பா. முதல் பேட்டரி 12.6 இருக்கு, அதை யாரும் தொடலையே.”

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே கிளம்பியது. ‘டிக்’ என்ற அந்தச் சிறு ஓசையைக் கேட்டு மூவரும் ஒருசேர மூச்சுவிட்டோம். ஏரியை ஒட்டிய குறுகிய சாலையில் பெல்லாஜியோ வரை சென்று, தண்ணீரில் விளக்குகள் மிதக்கும் வேளையில் திரும்பினோம். இரவு மீட்டர் 12.5 காட்டியது. உள்ளே இன்சுலின் 5 பாகையில் உறங்கியது.

அன்றிரவே இன்னொன்றும் நடந்தது. நோய் கண்ட நாள் முதல், இரவில் உணரியின் எச்சரிக்கை ஒலிக்கும்போதெல்லாம் எழுந்தவள் என் மனைவி. எனக்கு அப்போது பெரும்பாலும் இரவுப் பணி. பகலில் இந்தக் குடும்பத்தைக் கிளப்பி ஓட்டுபவளும் அவளே. இரவில் விளக்காய் எரிபவளும் அவளே. அவ்வாண்டு இளவேனிலில்தான் எனக்குப் பகற்பணி கிடைத்தது. பயணத்திற்குமுன், ஓர் இரவு அவள், ஓர் இரவு நான் என்று முறை வகுத்துக்கொண்டோம். முறை வகுப்பது எளிது. நம்பிக் கண்ணை மூடுவது எளிதன்று. தன் முறை இல்லாத இரவுகளிலும் அவள் ஒலிக்குமுன்பே எழுந்துவிடுவாள்.

கோமோவில் அது என் முறை. விடியற்காலை இரண்டு மணிக்கு எச்சரிக்கை ஒலித்தது. சர்க்கரை 61. மகளை எழுப்பி ஒரு சிறு குவளை பழச்சாறு கொடுத்தேன். கால் மணி நேரம் அவள் கையைப் பிடித்தபடி இருட்டில் அமர்ந்திருந்தோம். எண் 74 ஆயிற்று, பின்பு 92. அவள் மீண்டும் உறங்கினாள். மேல் தட்டில் என் மனைவி அசையவே இல்லை. இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, எச்சரிக்கை ஒலித்த ஓர் இரவில் அவள் விடியும் வரை உறங்கினாள். காலையில் எழுந்து குறிப்பேட்டைப் பார்த்தவள், “ராத்திரி அலாரம் அடிச்சுதா?” என்று வியந்து கேட்டாள்.

குடும்பத்தில் அன்பு மிகுதியாய் இருந்தால் போதும், மற்றவை தாமே நடக்கும் என்று சொல்வதுண்டு. அன்பு ஊற்று என்பது உண்மையே. ஆனால் அந்த ஊற்றை ஒரே கலத்தில் நிரப்பி, அதிலிருந்தே எல்லாவற்றுக்கும் மொண்டுகொண்டிருந்தால், ஒரு நாள் காலையில் எதுவும் கிளம்பாது. நம் இல்லங்களில், நோயுற்ற பெற்றோரையோ பிள்ளையையோ பேணும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஒரு பெண். அவருடைய பொறுமையை நாம் பாராட்டுகிறோம். பாராட்டு அவருக்கு மின்னேற்றம் ஆகாது. அவருடைய சுமையின் ஒரு பகுதியை ஏற்கும் இரண்டாவது தோள்தான் ஏற்றம். அந்தத் தோளுக்கு அளவு உண்டு. அந்த அளவும் வெளிப்படையாகச் சொல்லப்படவேண்டும். திங்கள் இரவு நான், செவ்வாய் இரவு தம்பி, மருத்துவமனைக்கு மைத்துனி என்று எழுதி வைப்பது அன்புக்குக் குறைவாகாது. அது அன்பு சென்று சேரும் கம்பியின் தடிமன்.

அதுபோலவே, சேர்ந்திருப்பதன் பெயரால் ஓய்வைப் பறிக்காமல் இருப்பதும் அன்பே. ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவரை உறங்கவிடும் பிரிவு, உறவின் முறிவு அன்று. விடிந்து எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இருவரும் மீண்டும் ஒரே ஓட்டத்தில் நிறைவார்கள்.

எங்கள் பயணம் மூன்று வாரம் நீடித்தது. அடுத்தடுத்த கோடைகளிலும் போய்வருகிறோம். மகளின் குறிப்பேடு இப்போது நான்காவதாகிவிட்டது. அதன் பக்கங்களில் சர்க்கரைக்கும் வோல்ட்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் மட்டும் இருக்கும்: அன்றிரவு விழித்திருக்க வேண்டியவர் பெயர். சென்ற ஆண்டு முதல் அந்தப் பத்தியில் வாரத்திற்கு ஒருமுறை அவள் தன் பெயரையே எழுதிக்கொள்கிறாள்.